உப்பளத்து ஐயாவின் கெண்டைக்கால்: உடலுக்குள் இருந்த சோடியத்தை அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்ந்தவர். வயது 62. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்; ஆளைக் கண்டுபிடிக்க உதவும் விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே அவரை ஐயா என்றே குறிப்பிடுகிறேன்.

கிளினிக்குக்கு அவரைக் கூட்டிவந்தவர் மனைவி. கிளினிக் கொப்பியில் ஏழு மாதத்துப் பிரஷர் குறித்திருந்தது. ஒரு மாதமும் 160க்குக் கீழே இறங்கவில்லை. நான் பார்த்த அன்று 172/98. லொசார்ட்டன் 50 மில்லிகிராம் காலையும் இரவும், அம்லோடிப்பின் 10, ஹைட்ரோகுளோரோதயசைட் 25, சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின். மூன்று பிரஷர் மருந்து, அதில் ஒன்று சிறுநீர் பெருக்கி, மூன்றும் போதிய அளவில். இவ்வளவுக்குப் பிறகும் 140ஐத் தாண்டி நின்றால் அதை மருந்துக்கு அடங்காத பிரஷர் என்ற வகையில் சேர்க்கிறோம்.

மருந்து தவறாமல் குடிக்கிறாரா என்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தோம், கணக்குச் சரி. காலில் வீக்கம் இல்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. சிறுநீரகங்களின் அளவு ஸ்கானில் ஒழுங்கு, வடிகட்டும் வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்து 54இல் நின்றது. ஈ.சி.ஜி.யில் இடது இதயவறை தடித்ததற்கான அறிகுறி. குருதியில் பொட்டாசியம் 4.2, சோடியம் லீற்றருக்கு 139 மில்லிமோல். எந்த ஆய்வுக்கூடத் தாளிலும் அடிக்கோடு விழாத எண் அது.

ஒரு நாள் முழுவதுமான சிறுநீரைக் கலனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன். சோடியம் 212 மில்லிமோல் வந்தது. உப்பாகக் கணக்கிட்டால் 12 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராம்.

"ஐயா, சலத்தில இவ்வளவு உப்புப் போகுது. கருவாடு சாப்பிடுறீங்கதானே?"

"இல்ல டொக்டர். விட்டு ஒரு வருஷமாச்சு."

"அப்ப இந்த உப்பு எங்கயிருந்து வந்தது?"

"இவருக்குச் சொதிக்குக்கூட உப்புப் போடுறேல்ல டொக்டர். நான் ஏன் உங்களிட்டப் பொய் சொல்லப்போறன்?" என்றார் மனைவி.

ஐயா ஒன்றும் பேசவில்லை. கிளினிக் கொப்பியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். என் குரல் உயர்ந்திருந்தது என்பதை அவர் போன பிறகுதான் உணர்ந்தேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் வரவில்லை.

வந்தபோது கையில் ஒரு சீடி இருந்தது.

சீடிக்குள் இருந்த படம்

மகள் தென் ஜேர்மனியில் இருக்கிறார். பேரனின் பிறந்தநாளுக்காக இருவரும் மூன்று மாதம் அங்கே போயிருந்தார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உடலிலுள்ள சோடியத்தை எம்.ஆர்.ஐ. மூலம் அளக்கும் ஆய்வு நடந்தது. மருமகன் சுகதேகியாக அதில் பங்கெடுத்திருந்தார். அடங்காத பிரஷர் உள்ளவர்களையும் தேடுகிறார்கள் என்று அறிந்து மாமனாரையும் கூட்டிப்போனார். ஊசி இல்லை, சாய மருந்து இல்லை, கதிர்வீச்சு இல்லை. வலது காலை ஒரு உருளைக்குள் நீட்டிக்கொண்டு ஏறத்தாழ கால் மணிநேரம் அசையாமல் படுத்திருந்ததாக ஐயா சொன்னார்.

படத்தைத் திறந்தோம். வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏதோ பழுதான படம் போலத் தெரியும். சொரசொரப்பு, தெளிவான விளிம்பு கிடையாது. குறுக்கே வெட்டிய வாழைத்தண்டு மாதிரி ஒரு வட்டம், அது கெண்டைக்கால். உள்ளே எலும்பிருக்கும் இரண்டு இடங்கள் இருட்டு. தசை நரை நிறம். குருதிக் குழாய்கள் பிரகாசமான புள்ளிகள். தசையைச் சுற்றிக் கொழுப்பு ஒரு கறுப்பு வளையம், ஏனென்றால் கொழுப்பில் சோடியம் மிகக் குறைவு. அந்தக் கறுப்புக்கு வெளியே மெல்லிய வெள்ளைக் கோடாகத் தோல். காலுக்குக் கீழே வரிசையாக நாலு வட்டப் பொட்டுகள், ஒன்றைவிட ஒன்று வெளிச்சம் கூடியவை.

அந்த நாலு பொட்டுகள்தான் இந்த முறையின் உயிர். லீற்றருக்கு 10, 20, 30, 40 மில்லிமோல் உப்புக் கரைத்த நாலு குழாய்களைக் காலோடு சேர்த்தே ஸ்கானருக்குள் வைக்கிறார்கள். படத்தில் வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும் எதையும் சொல்லாது. தெரிந்த உப்புத் தண்ணீரோடு ஒப்பிட்டால்தான் அது அளவாகும். ஐயாவின் தசை 20க்கும் 30க்கும் நடுவில் நின்றது. தோல் 30ஐத் தொட்டுக் கொஞ்சம் மேலே. கூட வந்த தாளில் எழுதியிருந்தது: தசை 25, தோல் 31. 36 வயது மருமகனின் தாளையும் மகள் அனுப்பியிருந்தார்: தசை 16, தோல் 17. வயது ஏற ஏறத் தசையிலும் தோலிலும் சோடியம் கூடுவது ஜேர்மனியின் ஏர்லாங்கன் குழு 2013இல் வெளியிட்ட அளவீடுகளிலேயே தெரிந்த விடயம். ஆகவே மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதையும் நோயின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் குருதியில் 139 என்று சாதுவாக இருந்த அதே மனிதரின் தோலில் இது இருந்தது.

"டொக்டர், இதுதானே நீங்க கேட்ட உப்பு?" என்றார் ஐயா. கோபமாகக் கேட்கவில்லை. விளக்கம் தேடித்தான் கேட்டார்.

குருதிச் சோடியம் ஏன் இதைக் காட்டவில்லை

குருதிச் சோடியம் என்பது செறிவு. உடம்பில் உப்பு கூடினால் தாகமெடுக்கும், தண்ணீர் சேரும், செறிவு பழைய இடத்துக்கே வரும். எவ்வளவு உப்பு உள்ளே இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த எண்ணில் விடை இல்லை. மருத்துவக் கல்லூரியில் இதைப் படிக்கிறோம். கிளினிக்கில் அறுபது பேர் வரிசையில் இருக்கும்போது மறக்கிறோம்.

கலத்துக்கு உள்ளே சோடியம் லீற்றருக்கு 10 முதல் 15 மில்லிமோல், வெளியே 140க்குக் கிட்ட. இந்த வேறுபாட்டைக் காக்கும் பம்பி ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அதை 1957இல் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பம்பி களைத்தால் கலத்துக்குள் சோடியம் ஏறும். மூளையில் குருதி அடைபட்ட பகுதியில் மணிக்கணக்கில் சோடியம் கூடுவது அதனால்தான். 1980களின் முற்பாதியில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாடெக் ஹிலாலின் குழு சோடியப் படங்களை எடுக்கத் தொடங்கியபோது அவர்களின் கண் மூளை மீதுதான் இருந்தது.

தோலின் கதை வேறு. தோலின் இழையத்தில் எதிர் மின்னேற்றமுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன; அவை சோடியத்தைப் பிடித்து வைக்கக்கூடியவை. மூட்டுக் கசியிழையத்தில் அதே வகைச் சங்கிலிகள் இன்னும் செறிவாக இருப்பதால் அங்கே சோடியம் 250ஐயும் தாண்டும். உப்பு ஆய்வாளர் யென்ஸ் டிட்சேயின் குழு 2009இல் எலிகளில் காட்டியது இதைவிட வியப்பானது: உப்பு கூடிய உணவு கொடுத்தால் தோலிலுள்ள பெருவிழுங்கிகள் என்ற காவற்கலங்கள் அதை உணர்ந்து நிணநீர்க் குழாய்களை வளர்க்கும் சமிக்ஞையை விடுகின்றன; அந்த வழியைத் தடுத்தால் பிரஷர் ஏறுகிறது. தோலை உப்பின் கிட்டங்கியாகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இதை நான் ஐயாவுக்கு என் வழியில் விளக்க முற்பட்டேன். பாதியிலேயே அவர் முந்திக்கொண்டார். "பாத்தியில நிக்கிற தண்ணிய அளந்தாப் போதாது டொக்டர். பழைய பாத்தியெண்டா மண்ணே உப்பக் குடிச்சு வச்சிருக்கும். மாரி மழை கழுவினாலும் முழுசாப் போகாது. அதனாலதான் பழைய பாத்தி கெதியா உப்புக் கட்டுது." உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியைப் போமே மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள், 25 பாகை அளவுக்கு வந்தால் உப்புப் படியத் தொடங்கும். முப்பது வருஷம் அந்த மானியைப் பார்த்தவர். தண்ணீரின் எண்ணுக்கும் மண்ணின் இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த அளவீடு ஏன் இவ்வளவு கடினம்

சாதாரண எம்.ஆர்.ஐ. நீரிலுள்ள ஐதரசனைத்தான் கேட்கிறது. 3 டெஸ்லா காந்தத்தில் ஐதரசன் 127.7 மெகாஹேர்ட்ஸில் பதில் சொல்லும்; சோடியம் 33.8 மெகாஹேர்ட்ஸில். ஆகவே சோடியத்துக்கென்று தனிச் சுருளும் அந்த அதிர்வெண்ணில் இயங்கும் பெருக்கியும் வேண்டும். மருத்துவமனைகளுக்கு வரும் வழக்கமான இயந்திரம் ஐதரசனுக்கு மட்டும் அமைந்து வருகிறது.

இரண்டாவது, சத்தம் மிகச் சிறிது. இழையத்தில் நீர் ஐதரசன் லீற்றருக்கு ஏறத்தாழ 80 மோல். சோடியமோ ஒரு மோலின் நூறில் சில பங்கு. ஒரே எண்ணிக்கையில் இருந்தாலும் சோடியக் கரு ஐதரசனின் 9 சதவீத அளவுக்குத்தான் சமிக்ஞை தரும். நல்ல வேளையாக இயற்கையிலுள்ள சோடியம் முழுவதும் சோடியம்-23. வேறு சமதானியில், அதாவது வேறு நிறையுள்ள சோடிய அணுவில், எதுவும் வீணாவதில்லை. இருந்தும் இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் பல்லாயிரம் மடங்கு குறைவு.

மூன்றாவது, அந்தச் சத்தம் நிலைப்பதும் இல்லை. சோடியக் கருவின் மின்னேற்றம் சீரான உருண்டையாகப் பரவியிருப்பதில்லை. பக்கத்து மூலக்கூறுகளின் மின்புலம் அதை அலைக்கழிக்கும். இழையத்தில் சமிக்ஞையின் பெரும்பங்கு சில மில்லிசெக்கன்களுக்குள் மறைகிறது. மிச்சம் 15 முதல் 30 மில்லிசெக்கன் வரை தாக்குப்பிடிக்கும். தூண்டியவுடன் கேட்கவேண்டும். பிந்தினால் கிடைப்பது பாதிதான்.

இதையெல்லாம் ஈடுகட்டத்தான் பல தடவை அளந்து சராசரி எடுப்பது, படத்தின் கட்டங்களைப் பெரிதாக வைப்பது. ஏர்லாங்கன் குழுவின் முறையில் ஒரு கட்டம் 3 மில்லிமீற்றர் நீளம், 3 மில்லிமீற்றர் அகலம், 30 மில்லிமீற்றர் தடிப்பு. கெண்டைக்காலைத் தெரிவுசெய்ததற்கும் இதுவே காரணம்: காலின் நீளவாக்கில் மூன்று சென்றிமீற்றர் தடித்த துண்டெடுத்தாலும் தசையும் தோலும் பெரிதாக மாறாமல் ஓடுகின்றன. ஆனால் தோலின் தடிப்பு ஒன்றிரண்டு மில்லிமீற்றர். ஒரு கட்டத்துக்குள் தோலோடு கொஞ்சம் கொழுப்பும் வெளிக் காற்றும் சேர்ந்துவிடும். ஆகவே தோலுக்குக் கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஐயாவின் 31ஐ நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இன்னொரு எல்லையையும் சொல்லவேண்டும். இந்தப் படத்தில் கலத்துக்கு உள்ளிருக்கும் சோடியம், வெளியிருக்கும் சோடியம், சங்கிலியில் ஒட்டிய சோடியம் எல்லாம் ஒரே வெளிச்சம். தசையில் வெளி நீர் கொஞ்சம் கூடினாலே சராசரி ஏறும். கால் வீங்கியவருக்கு 25 வந்தால் அது வெறும் நீர்க்கோர்வையாக இருக்கலாம். 2020இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இதே கோணத்தில்தான் வாதிட்டார்கள்: இழையத்தில் காணும் மிகைச் சோடியம் பெரும்பாலும் தன் பங்கு நீரோடு சேர்ந்தே வருகிறது, தனியே செறிந்து நிற்பதில்லை என்று. எனக்கு அந்த வாதத்தில் மரியாதை உண்டு. ஐயாவின் சீடியில் அதே மட்டத்தில் எடுத்த நீர்ப் படமும் இருந்தது. அதில் கண்ணுக்குத் தெரியும் நீர்க்கோர்வை இல்லை. அது கிட்டங்கிக் கருத்துக்குச் சாதகம். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத சிறிய நீர்ப்பெருக்கம் இல்லையென்று அந்தப் படத்தை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன்.

212ஐத் திரும்பப் பார்த்தது

படத்தைவிட என்னை உலுக்கியது அதைத் தொடர்ந்து நான் வாசித்த இன்னொன்று. மொஸ்கோவில் செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக ஆட்களை மூடிய கூடத்துக்குள் மாதக்கணக்கில் வைத்தார்கள். நீண்ட சுற்று 520 நாள், 2010இல் தொடங்கி 2011இல் முடிந்தது. வாரக்கணக்கில் மாறாத உப்பு: முதலில் நாளுக்கு 12 கிராம், பிறகு 9, பிறகு 6. சேகரித்த சிறுநீரில் சோடியம் மாறாமல் வந்ததா? இல்லை. ஏறத்தாழ ஆறு நாளுக்கொரு தடவை ஏறி இறங்கியது. உடம்பின் மொத்தச் சோடியமோ மாதக்கணக்கான நீண்ட அலையாகக் கூடிக் குறைந்தது. ஒரு நாள் சிறுநீரை மட்டும் வைத்து 3 கிராம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முயன்றால் கிட்டத்தட்ட பாதித் தடவைதான் சரியாக வருகிறது என்று அதே தரவுகளைக் கொண்டு பின்னர் காட்டினார்கள்.

நான் ஒரு நாள் சிறுநீரை வைத்து ஒரு மனிதரின் நேர்மையை அளந்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். மனைவியிடமும் சொன்னேன். அன்று கேட்ட விதம் பிழை என்றும் சொன்னேன்.

மறுபடி இரண்டு சேகரிப்பு, இடையில் பத்து நாள் விட்டு. ஒன்று 96 மில்லிமோல், மற்றது 141. முதல் தடவையிலேயே 96 வந்திருந்தால் பாராட்டி அனுப்பியிருப்பேன். மூன்றின் சராசரி 150, உப்பாக ஏறத்தாழ 9 கிராம். அதுவும் கூடுதல்தான். சொதிக்கே உப்புப் போடாத வீட்டில் 9 கிராம் எங்கிருந்து?

இந்தத் தடவை கேள்வியை மாற்றினேன். "என்னென்ன வாய்க்குள்ள போகுதோ அவ்வளவையும் ஒரு கிழமைக்கு எழுதுங்கோ. சாப்பாடு மட்டுமில்ல, எல்லாம்." மனைவி பள்ளிக்கூடக் கொப்பியில் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தார். காலையும் இரவும் பாண். பின்னேரம் கிரீம் கிறக்கர். பாணில் உப்புண்டு என்று அவர்களுக்குத் தெரியாது. உப்புக் கரிக்காத பொருளில் உப்பில்லை என்றே வீடுகளில் நினைக்கிறோம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: "முழங்கால் வருத்தம். மகள் அனுப்பின கரையிற குளிசை, காலை 2 பின்னேரம் 2."

தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் பரசிற்றமோல். பொங்குவதற்குக் காரணம் அதிலுள்ள சோடியம் பைகாபனேற்று. இந்த வகையில் ஒரு குளிசைக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நாலு குளிசை என்றால் 1,600 மில்லிகிராம், உப்பின் கணக்கில் 4 கிராம்; ஒரு நாளைய எல்லையில் ஐந்தில் நாலு பங்கு மருந்துக் குவளையிலேயே முடிந்துவிடும். 212 வந்த அந்த நாளில் முழங்கால் வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாக மனைவிக்கு ஞாபகம். நாலு குளிசையின் சோடியம் ஏறத்தாழ 70 மில்லிமோல். 212க்கும் 141க்கும் உள்ள இடைவெளியும் அவ்வளவுதான். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. பொருந்துகிறதென்பதற்காக நம்பிவிடக்கூடாது, ஏனென்றால் உடம்பின் சொந்த ஏற்ற இறக்கமும் அதே அளவு வித்தியாசத்தைத் தந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

மருத்துவம்

கரையும் குளிசையை நிறுத்திச் சாதாரண பரசிற்றமோலுக்கு மாற்றினோம். இரவுப் பாணுக்குப் பதில் இடியப்பமும் உப்பில்லாத சொதியும். இதற்கு மட்டும் ஒரு மாதம் கொடுத்தேன்: 172 இருந்த இடத்தில் 160.

அடுத்து ஸ்பைரோனோலக்ரோன் 25 மில்லிகிராம். அடங்காத பிரஷருக்கு நாலாவது மருந்தாக அது மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்வதை 2015இல் வெளியான பிரித்தானியாவின் பாத்வே-2 ஆய்வு காட்டியிருந்தது. லொசார்ட்டனோடு சேர்த்துக் கொடுப்பதால் பொட்டாசியத்தை ஒரு கிழமையிலும் நாலு கிழமையிலும் பார்த்தோம், 4.9க்கு மேல் போகவில்லை. ஆறு கிழமையில் 146/86.

மூன்றாவதாக, சீனி வருத்தமும் சிறுநீரகத் தளர்வும் இருந்ததால் டாபாகிளிஃப்ளோசின். அதற்கு அந்த இரண்டு காரணமே போதும். ஆனால் மனதில் இன்னொன்றும் இருந்தது: இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்கு ஆறு கிழமை அந்த மருந்து கொடுத்து, முன்னும் பின்னும் சோடியப் படம் எடுத்த ஏர்லாங்கன் ஆய்வு 2018இல் வெளிவந்தது. தோலின் சோடியம் குறைந்தது, தசையில் மாற்றம் இல்லை. ஐயாவுக்கு ஏறியிருந்ததும் தோலில்தான் கூடுதலாக. இரண்டு மாதம் கழித்து 134/80. அந்த அளவில் இப்போது ஐந்து மாதம் நிற்கிறது.

எந்த மருந்து எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் சேர்த்தோம். தோலில் இருந்த உப்பு இறங்கியதா என்பதும் தெரியாது. பிரஷர் இறங்கியதை வைத்து அதை ஊகிக்க எனக்கு ஆசைதான், ஆனால் ஆசை அளவீடு ஆகாது. இந்த ஆய்வில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டை அதுவே: முதற்படம் மட்டும் இருக்கிறது.

போன கிளினிக்கில் ஐயா கேட்டார்: "இப்ப எடுத்தா மருமகன்ட காலப்போல வருமோ டொக்டர்?"

அவர்கள் சித்திரையில் மறுபடி மகளிடம் போகிறார்கள். ஆய்வுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். வலது கெண்டைக்கால், முதலில் எடுத்த அதே மட்டம். முடிந்தால் நாளின் அதே நேரம், அதே சுருள், அதே நாலு குழாய்கள், அதோடு நீர்ப் படமும். படமெடுப்பதற்கு முதல் நாள் கரையும் குளிசை எதுவும் குடிக்கவில்லை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன்.